வட சிலாங்கூரில் அங்கீகாரம்: தோட்டப் பள்ளி முதல் பட்டப் படிப்பு வரை

கோலா சிலாங்கூர் மாவட்டத்தின் உட்பகுதியில் சிலாங்கூர் ஆற்றை ஒட்டி அமைந்த பத்தாங் பெர்ஜுந்தை, மலேசிய வரலாற்றில் இருமுறை முன்னுக்கு வந்த ஊராகும். பிரெஞ்சுத் தோட்டக்காரரும் பின்னாளில் 'மலேசி' என்ற நாவலுக்காக 1930இல் கொன்கூர் பரிசு பெற்றவருமான ஆன்றி ஃபொக்கொனியே, நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் இவ்வூரின் தென்னமரம் தோட்டத்தில் நிறுவினார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, 1999இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் தொழிலியல் பல்கலைக்கழகம் தன் பெரிய வளாகத்துக்கு இதே வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தது. ஊரின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என மாறியது. பல்கலைக்கழகமும் பின்னர் 'தொழிலியல்' என்ற சொல்லை விட்டுச் சிலாங்கூர் பல்கலைக்கழகம் ஆயிற்று. தென்னமரத்திலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பால்வெட்டியும் குலை அறுத்தும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, முதல் நிகழ்வு தோட்டப் பள்ளியையும் இரண்டாம் நிகழ்வு பட்டப் படிப்பையும் ஊருக்குள் கொண்டு வந்தது என்று மேலோட்டமாகச் சொல்லலாம். ஆயினும் இரண்டுக்கும் நடுவே கிடந்த தூரத்தைப் புரிந்துகொள்ள, ஒரு படிப்பு செல்லும் என்றோ செல்லாது என்றோ சொல்லும் அதிகாரம் எவரிடம் இருந்தது, எந்த அளவுகோலைக் கொண்டு அது சொல்லப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டியுள்ளது.

கல்வி நிர்வாகத்தில் மூன்று நிலைகள் அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன. ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதை அரசு ஏட்டில் எழுதிக்கொள்வது பதிவு. குறிப்பிட்ட படிப்பை நடத்தலாம் என இசைவு தருவது அனுமதி. அந்தப் படிப்பை முடித்தவரின் சான்றிதழை மேற்படிப்புக்கும் பணிக்கும் ஏற்கலாம் என உறுதி கூறுவது அங்கீகாரம். தோட்டப் பள்ளிகளுக்கு முதல் இரண்டும் ஓரளவு கிடைத்தன. மூன்றாவது நெடுங்காலம் கிடைக்கவில்லை என்பதும், அந்த இழப்பே முதல் இரண்டின் பயனையும் பெருமளவு குறைத்துவிட்டது என்பதும் இவ்வட்டாரத்தின் கல்வி வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்குப் புலனாகும்.

கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் வசிக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. பள்ளியைக் கல்விச் சட்டம் கேட்கவில்லை, தொழிலாளர் சட்டம் கேட்டது என்பது கவனிக்கத்தக்கது. குடியிருப்பு, குடிநீர், மருந்தகம் ஆகியவற்றோடு பள்ளியும் கூலிகளை வைத்திருப்பதற்கான செலவினங்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது. பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைச் சட்டம் எண்ணியது. அவர்கள் எதைக் கற்றார்கள் என்பதை எண்ணவில்லை. இதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1920இல், பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்யும் சட்டமொன்று இயற்றப்பட்டிருந்தது. ஆனால் அது சீனப் பள்ளிகளில் அப்போது பரவிய அரசியல் கிளர்ச்சியைக் கட்டுக்குள் வைப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தது. ஆக, இந்நாட்டில் பள்ளிப் பதிவு என்னும் ஏற்பாடு தரத்தைக் கருதி அன்று, கண்காணிப்பைக் கருதியே வேரூன்றியது.

சட்டம் கேட்ட பள்ளி நடைமுறையில் எவ்வாறு இருந்தது என்பதில் இவ்வட்டாரத் தோட்டங்கள் விலக்கல்ல. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுத் தாயும் தந்தையும் நிரைக்குச் செல்ல, கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகைக்கும் சற்று வளர்ந்தவர்கள் பள்ளிக்கும் அனுப்பப்பட்டனர். பள்ளி என்பது பெரும்பாலும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஓர் அறை அல்லது பலகையடித்த கொட்டகை. ஆசிரியர் என்பவர் எழுதப்படிக்கத் தெரிந்த கங்காணியாகவோ கிராணியின் உதவியாளராகவோ இருந்தார். ஒரே அறையில் எல்லா வகுப்புகளும் நடந்தன. பாடநூல்கள் சென்னையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தமையால், செம்பனையின் நிழலில் இருந்த பிள்ளை காவிரியையும் கரிசல் நிலத்தையும் படித்தது. பத்து, பன்னிரண்டு வயதில் களையெடுக்கவும் பால் கட்டியைச் சேர்க்கவும் கைகள் தேவைப்பட்டன. எனவே மேல்வகுப்புகளில் இருக்கைகள் தாமாகவே காலியாயின.

அரசு இப்பள்ளிகளுக்கு உதவித் தொகை வழங்கியது. அத்தொகை சராசரி வருகையையும் பரிசோதகர் மதிப்பிடும் திறமையையும் சார்ந்திருந்தமையால், ஒருவகைத் தர மதிப்பீடு அன்றே இருந்தது எனலாம். ஆயினும் தமிழ் அறிந்த பரிசோதகர்கள் அரிதாக இருந்தனர், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் நிலையமும் இல்லை. இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்க இயலாதது. வட சிலாங்கூரின் எல்லையைத் தாண்டினால் வரும் முதல் பேராக் நகரமான தஞ்சோங் மாலிமில் 1922 நவம்பரிலேயே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டு, மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியும் சான்றிதழும் தரப்பட்டன. அதே காலத்தில், அதிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத தோட்டங்களில் தமிழ் கற்பித்தவர்களுக்கு அத்தகைய கல்லூரி எதுவும் இல்லை. 1930களின் பிற்பகுதியில்தான் பகுதி நேரப் பயிற்சி வகுப்புகள் எட்டிப் பார்த்தன. ஆசிரியரின் தகுதிக்கே சான்று இல்லாத பள்ளியின் மாணவர் சான்றிதழை எவர் மதிப்பார் என்ற கேள்வி அன்று கேட்கப்படாமல் போனதற்குக் காரணம் எளிது: அந்தச் சான்றிதழை ஏந்திச் செல்வதற்கு வேறிடம் இருக்கவில்லை. தமிழில் இடைநிலைப் பள்ளி இல்லை. ஆங்கிலப் பள்ளிகள் நகரங்களில் இருந்தன, கட்டணமும் கேட்டன.

தொழிலாளர்கள் இதை உணராமல் இருந்தார்கள் என்று கருதுவது தவறு. கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் வெடித்துச் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரையின் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்கத் தேவையில்லை என்னும் உரிமை ஆகியவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வசதி வேண்டும் என்பதும் இடம்பெற்றது. அவ்வேலைநிறுத்தம் படையினரைக் கொண்டு ஒடுக்கப்பட்டது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. பள்ளிக்கூடத்தைக் கொட்டகையாக வைத்திருப்பது சட்டத்தை நிறைவேற்றுவதாகாது என்பதை முதன்முதலில் கூட்டாகச் சொன்னவர்கள் கல்வியாளர்கள் அல்லர், பால்வெட்டுத் தொழிலாளர்கள்தாம் என்பதைக் கல்வி வரலாற்று நூல்கள் இன்னும் உரிய அழுத்தத்துடன் பதிவு செய்யவில்லை.

இதே காலத்தில், அங்கீகாரம் என்பது மறுமுனையில் எப்படி இயங்கிற்று என்பதைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். சிங்கப்பூரில் 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் பட்டயத்தை இலண்டனின் பொது மருத்துவ மன்றம் 1916இல் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து அங்கே படித்தவர் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மருத்துவராகப் பணியாற்ற முடிந்தது. 1928இல் வந்த இராஃபிள்ஸ் கல்லூரியோ பட்டம் வழங்கும் அதிகாரம் இன்றிப் பட்டயம் மட்டுமே தந்தது. பல்கலைக்கழகம் வேண்டுமா என ஆராய்ந்த 1939ஆம் ஆண்டு மெக்லீன் ஆணையம் காலம் கனியவில்லை என்று கைவிரிக்க, போருக்குப் பின் 1947இல் வந்த கார்-சாண்டர்ஸ் ஆணையம் அதற்கு மாறாகப் பரிந்துரைத்ததால், அந்த மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. மருத்துவப் பட்டயத்தை ஏற்றதும், பல்கலைக்கழகத்தை ஒத்திவைத்ததும், பின்னர் அதை நிறுவச் சொன்னதும் பிரிட்டனிலிருந்து வந்த முடிவுகளே.

அப்பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் அமைந்ததைத் தமிழர் வரலாற்றில் ஒரு புதிய பாடநெறிக்காக நடந்த மக்கள் இயக்கத்தின் விளைவு என்றே கொள்ளலாம். துறை அமையுமானால் அதில் சமஸ்கிருதத்துக்கு முதன்மையா தமிழுக்கு முதன்மையா என்ற விவாதம் கிளம்பியபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்ற கணக்கில் சாதாரண மக்களிடம் திரட்டப்பட்ட அந்நிதி துறையின் தமிழ் நூலகத்துக்கு உரமாயிற்று. பாடத்திட்டம் என்பது பேராசிரியர் அவையின் தனியுரிமை என்று கருதப்படும் துறையில், பாடத்தின் மொழி எதுவாக இருக்க வேண்டும் என்பதைக் கல்வி நிலையத்துக்கு வெளியே இருந்தோர் தங்கள் ஒரு வெள்ளியைக் கொண்டு சொன்னார்கள். துறை பின்னர் கோலாலம்பூருக்கு மாறியது. 1961இல் அதன் தலைமையை ஏற்ற தனிநாயகம் அடிகள் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை அங்கே கூட்டினார்.

தோட்டத்துப் பிள்ளைக்கும் இத்துறைக்கும் இடையே இருந்த வழி மிகக் குறுகியது. பார்ன்ஸ் குழு 1951இல் மலாயும் ஆங்கிலமும் மட்டுமே பயிற்றுமொழியான பொதுப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது; அக்குழுவில் இந்தியரோ சீனரோ எவரும் இல்லை. எதிர்ப்புகளுக்குப் பின் 1956இல் வந்த ரசாக் அறிக்கையும் அதன் வழியமைந்த 1957ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்த் தொடக்கப் பள்ளியைத் தேசியக் கல்வி அமைப்பின் பகுதியாக ஏற்று, பொதுவான பாடத்திட்டத்துக்குள் கொண்டு வந்தன. சான்றிதழுக்கு அப்போதுதான் ஒரு முகவரி கிடைத்தது எனலாம்: ஆறாம் ஆண்டை முடித்த மாணவர் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் மொழியைத் தேற்றிக்கொண்டு இடைநிலைப் பள்ளிக்குச் செல்லலாம். அந்த ஓராண்டு பலருக்கு வாசலாக இருந்ததைப் போலவே பலருக்கு வடிகட்டியாகவும் இருந்தது. ஆறாண்டு தமிழிலேயே படித்துவிட்டு வேறு மொழியில் திடீரெனத் தொடர வேண்டிய நெருக்கடியும், பதின்மூன்று வயதில் சம்பளம் கொடுக்கத் தோட்டம் காத்திருந்த நிலையும் சேர்ந்து அதை அப்படி ஆக்கின.

பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்குவதற்கே அரசின் இசைவு எவ்வளவு இறுக்கமான வாசல் என்பதைச் சீனர்களின் மெர்டேக்கா பல்கலைக்கழக முயற்சி காட்டியது. 1960களின் இறுதியில் எழுந்த அம்முயற்சி, 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் மாமன்னரின் இசைவைக் கோரி மறுக்கப்பட்டு, நீதிமன்றத்தை நாடி 1981இலும் மேல்முறையீட்டில் 1982இலும் தோற்றது. பயிற்றுமொழியே அங்கு முதன்மையான தடையாயிற்று. தமிழர் தரப்பில் அப்படியொரு பல்கலைக்கழகம் கோரப்படாததற்கு விருப்பமின்மை காரணமன்று. இடைநிலைக் கல்வியே தமிழில் இல்லாதபோது மேலடுக்கைப் பற்றிப் பேசுவதில் பொருளிருக்கவில்லை.

நிலைமை 1996இல் அடிப்படையிலேயே மாறியது. தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டமும், 'லான்' எனச் சுருக்கி அழைக்கப்பட்ட தேசிய அங்கீகார வாரியத்துக்கான சட்டமும் அவ்வாண்டு ஒரே தொகுதியாக இயற்றப்பட்டன. தனியார் கல்லூரிகள் பெருகத் தொடங்கிய நிலையில், யார் வேண்டுமானாலும் படிப்பு நடத்தலாம் என்ற நிலை வந்துவிடாதிருக்க, முதலில் நடத்த அனுமதி, பிறகு குறைந்தபட்சத் தரம், அதன்பின் அங்கீகாரம் என்ற படிநிலைகள் வகுக்கப்பட்டன. சிலாங்கூர் மாநில அரசின் நிறுவனத்துக்கு உரியதாயினும், சட்டத்தின் கண்களில் தனியார் உயர்கல்வி நிறுவனமான சிலாங்கூர் பல்கலைக்கழகமும் இந்த வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பின்னர் 2007இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அவ்வாண்டு நவம்பரில், எம்.கியூ.ஏ. என வழங்கும் மலேசியத் தகுதி முகமை லானின் இடத்தை ஏற்றுப் பொதுப் பல்கலைக்கழகங்களையும் தன் வரம்புக்குள் கொண்டு வந்தது.

இம்முகமை எதைக் கேட்கிறது என்பதைச் சற்று நெருக்கமாகப் பார்ப்பது பயனுடையது. திறன் சான்றிதழிலிருந்து முனைவர் பட்டம் வரை எட்டு நிலைகளாகப் பகுக்கப்பட்ட தகுதிக் கட்டமைப்பில் இளங்கலைப் பட்டம் ஆறாவது நிலையில் நிற்கிறது. அதற்குக் குறைந்தது 120 மதிப்பலகுகள் வேண்டும். ஒரு மதிப்பலகு என்பது மாணவர் செலவிடும் நாற்பது மணி நேரக் கற்றலைக் குறிக்கும். மூன்று மதிப்பலகு கொண்ட ஒரு பாடம் பதினான்கு வாரங்களுக்கு வாரம் மூன்று மணி நேர விரிவுரையாக நடந்தால், வகுப்பறை நேரம் 42 மணி ஆகிறது. 120 மணியில் எஞ்சிய 78 மணியை நூலகத்திலும் ஆய்வகத்திலும் செயல்திட்டத்திலும் மாணவர் எவ்வாறு செலவிடுவார் என்பதை விண்ணப்பம் அட்டவணையிட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் கற்றல் விளைவும் பட்டத்தின் ஒட்டுமொத்த விளைவுகளில் எதற்கு உதவுகிறது என்ற பொருத்தப் பட்டியலும் உடன்வர வேண்டும்.

ஒரு புதிய பாடநெறி இரண்டு கட்டங்களைக் கடக்கிறது. முதலாவது இடைக்கால அங்கீகாரம்: பாடத்திட்டம், மதிப்பீட்டு முறை, மாணவர் தேர்வு, கல்வியாளர், வசதிகள், நிர்வாகம், தொடர் கண்காணிப்பு எனும் ஏழு துறைகளில், 2017 வரை ஒன்பதாக இருந்தவற்றில், நிறுவனம் தரும் திட்டத்தை மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் ஆவணங்களைக் கொண்டே ஆராய்கிறார்கள். இரண்டாவது முழு அங்கீகாரம்: முதல் தொகுதி மாணவர்கள் இறுதியாண்டில் இருக்கும்போது மதிப்பீட்டாளர் குழு வளாகத்துக்கு நேரில் வந்து, விடைத்தாள்களைப் பார்த்து, மாணவர்களோடு பேசி, சொன்னது நடந்ததா எனச் சரிபார்க்கிறது. இதன் விளைவு ஒன்றைப் பெற்றோர் எப்போதும் எண்ணிப் பார்ப்பதில்லை: எந்தப் புதிய படிப்பாயினும் அதன் முதல் தொகுதி மாணவர்கள் முழு அங்கீகாரம் இல்லாத படிப்பில்தான் தம் காலத்தின் பெரும்பகுதியைக் கழிக்கிறார்கள். பொறியியல், மருத்துவம், தாதிமை போன்றவற்றில் அந்தந்தத் தொழில் மன்றத்தின் ஏற்பும் தனியே தேவைப்படுகிறது. உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். அங்கீகரிக்கப்பட்ட படிப்புக்கே கடன் தருவதால், கையிருப்பில்லாத குடும்பங்களுக்கு முகமையின் பதிவேட்டில் ஒரு படிப்பின் பெயர் உள்ளதா என்பதே படிக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கிறது. இவ்வட்டாரத்தின் ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ சேமிப்பில்லாமல் வளரும் மாணவருக்கு இது புள்ளிவிவரமன்று.

இவ்வளவு கடினமான வாசலைச் சில நிறுவனங்கள் தாமே திறந்துகொள்ளவும் 2010இலிருந்து வழியுண்டு. தங்கள் தர முறைமையை மெய்ப்பித்த எட்டு நிறுவனங்களுக்கு அவ்வாண்டு தன்னங்கீகார நிலை வழங்கப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நான்கு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களும், மோனாஷ், நாட்டிங்ஹம் முதலான நான்கு வெளிநாட்டுக் கிளை வளாகங்களும் அவற்றுள் அடங்கும். இதற்கு அப்பால் நின்ற பல்கலைக்கழகங்கள் பாடநெறிக்குப் பாடநெறி முகமையின் மேசைக்குச் செல்ல வேண்டியிருந்தது. தரம் என்பதை மேலும் மேலும் நம்பிக்கையின் பெயரால் பகிர்ந்தளிக்கும் இந்த ஏற்பாட்டில், பெரிய பெயர் கொண்டவர்க்குச் சுமை குறைந்து, ஆற்றங்கரை ஊரில் ஆரம்பித்தவர்க்குச் சுமை கூடுகிறது. இது அநீதியென்று சொல்லிவிட முடியாது. தேர்ச்சி பெற்றவரை மீண்டும் மீண்டும் தேர்வெழுதச் சொல்வதில் பயனில்லை. ஆயினும் வேறுபாடு வேறுபாடுதான்.

தமிழ் தொடர்பான பட்டப் படிப்புகளின் நிலை இதனுள் ஒரு தனிக் கதை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை தொடர்ந்து இயங்க, 1922இன் பயிற்சிக் கல்லூரி 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, தமிழ்மொழிக் கல்வியிலும் இளங்கலைப் பட்டம் தருகிறது. மலாய் ஆசிரியர்களுக்கு மட்டும் கதவு திறந்த அதே தஞ்சோங் மாலிமில் இன்று தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் பட்டம் பெறுகிறார்கள். கல்வித் தகுதி வாய்ந்த தமிழ்க் கல்வியாளர்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால்தான் இத்தகைய படிப்பு ஏழு துறைகளுள் நான்காவதான கல்வியாளர் என்னும் அளவுகோலைத் தாண்டும். அந்தக் கல்வியாளர்களோ பெரும்பாலும் முன்பு இதே துறைகளில் பட்டம் பெற்றவர்கள். எனவே ஒரு துறையின் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் அடுத்த தலைமுறையில் அதன் அங்கீகாரமும் பாதிக்கப்படும். 1923இல் பத்துப் பிள்ளைகளை எண்ணிய சட்டத்துக்கும் இதற்கும் இடையே உள்ள ஒற்றுமை இங்குதான். எண்ணப்படுவது மாறியிருக்கிறது, எண்ணிக்கையின் கட்டாயம் மாறவில்லை.

தோட்டங்களோ சுருங்கிக்கொண்டிருந்தன. ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. செம்பனையின் ஒரு பகுதி வீட்டுமனைகளுக்கு வழிவிட்டது. கோலா சிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த புஞ்சாக் ஆலமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் எழுந்தது. கோல்ஃபீல்ட்ஸ், வாகீசர் போன்ற தமிழ்ப் பள்ளிகள் தோட்டத்துக்கு உரியவையாக இல்லாமல் வட்டாரத்துக்கு உரியவையாகத் தொடர்ந்தன. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் பேருந்தில் வந்து படிக்கும் பள்ளிகளாக அவை மாறியபோது, தோட்டப் பள்ளியைத் தொழிலாளர் சட்டத்தின் ஒரு விதியாகப் பார்த்த காலம் முடிவுக்கு வந்தது.

அங்கீகார முறை அண்மைக் காலத்தில் எதிர்த் திசையிலிருந்தும் ஒரு வழியைத் திறந்துள்ளது. அனுபவக் கற்றலுக்கான அங்கீகாரம் எனப்படும் ஏபெல் ஏற்பாட்டின்படி, முறையான முன்தகுதி இல்லாத ஒருவர் இருபத்தொரு வயதைக் கடந்தவராகவும் தொடர்புடைய பணி அனுபவம் உடையவராகவும் இருந்தால், பொதுத்திறன் தேர்வு எழுதி, தம் அனுபவத்தைச் சான்றுகளுடன் ஒரு தொகுப்பாகக் காட்டி, இளங்கலைப் படிப்பில் நுழைய முடியும். உதிர்ந்து கிடக்கும் பழங்களை எண்ணி ஒரு செம்பனைக் குலை அறுவடைக்கு முதிர்ந்ததா எனச் சொல்பவரும், பட்டை சேதமடையாமல் மரத்தில் வெட்டுக்கோட்டைப் பத்தாண்டு பேணத் தெரிந்தவரும் இம்முறையில் கொள்கையளவில் வேளாண் அறிவுடையவரே. நடைமுறையில் தொகுப்புக்குள் வைக்க வேலை வழங்கியவரின் கடிதமும் பணிவிவரமும் பயிற்சிச் சான்றும் தேவைப்படுகின்றன. கங்காணியின் கீழும் பின்னர் ஒப்பந்தக்காரரின் கீழும் வேலை செய்தவர் கையில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. தோட்டமே விற்கப்பட்டு வீட்டுமனை ஆகிவிட்ட இடத்தில், கடிதம் எழுதித் தர அலுவலகமும் இல்லை.